தலையாட்டித் தாத்தாவுக்குக் கடைசி பஸ்

எங்கள் வீட்டுக் கொலுவில் தலையாட்டித் தாத்தா 12 வருடமாகத் தனியாக உட்கார்ந்திருந்தார். ஜோடிப் பாட்டிக்குக் கழுத்து உடைந்துவிட்டது. உடைந்த பொம்மையைப் படியில் வைக்கக் கூடாது என்று அம்மா பாட்டியைப் பழைய தினசரித் தாளில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுவார். தூக்கிப் போடவும் மனசு வராது. படியில் தாத்தாவுக்குப் பக்கத்து இடத்தில் வேறு எதையும் வைக்கவும் மாட்டார்.

கொஞ்ச நாளாகவே எனக்குப் பொம்மைகளைப் படம் எடுக்கும் பழக்கம் உண்டு. கையடக்கக் கார்களை மொட்டைமாடி மணலில் ஓடவிட்டு, செல்போனைத் தலைகீழாகப் பிடித்து எடுப்பேன். தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடும், கார் பெரிதாகத் தெரியும். படங்கள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ஒன்றைப் பார்த்தவர்கள் அடுத்தது என்ன என்று கேட்டதில்லை. இந்த முறை ஒரு கதையை ஆறே படங்களில் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். புரட்டாசி பிறந்து பெட்டியைத் திறந்ததும் கதை தானாகக் கிடைத்தது. மழை பெய்யும் ராத்திரியில் தாத்தா பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கிறார். பஸ் வருகிறது, பாட்டி இறங்கவில்லை. அப்புறம் வருகிறார்.

முதல் வேலை பாட்டியின் கழுத்து.

தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையின் வயிறு காலியானது. மரவள்ளிக்கிழங்கு மாவைக் கூழாகக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து, அந்தப் பசையில் காகிதத்தை அடுக்கடுக்காக அச்சில் ஒட்டிக் காயவைத்து எடுப்பார்கள். அதன்மேல் சுண்ணப்பொடிப் பூச்சு, அதற்கும் மேல் வண்ணம். தலை தனித்துண்டு. எங்கள் ஜோடியில் தலைக்குள்ளிருந்து ஒரு தண்டு உடம்புக்குள் இறங்கும். கழுத்து வாயில் குறுக்காக ஒரு கம்பி. அந்தக் கம்பிதான் ஊஞ்சல் கட்டை. கீழே தொங்கும் எடை தலையை நிமிர்த்தி வைத்திருக்கும். பாட்டிக்கு அந்தக் கம்பி துருப்பிடித்து ஒடிந்து, தலை உள்ளே விழுந்து, விழும்போது கழுத்து விளிம்பில் ஒரு சில்லும் பெயர்ந்திருந்தது.

விளிம்பை எம்-சீல் வைத்து அடைத்து ஒரு ராத்திரி காயவிட்டேன். குறுக்குக் கம்பிக்கு எஃகு ஜெம் கிளிப்பை நிமிர்த்திக்கொண்டேன். எடைக்குத் தூண்டில் கடையில் வாங்கிய ஈயக்குண்டு. குண்டைக் கம்பிக்கு 4 செ.மீ. கீழே கட்டியபோது பாட்டி மரங்கொத்தி மாதிரி படபடவென்று ஆட்டினார். எடை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஆடும். மெல்ல மேலே நகர்த்தி 1.5 செ.மீ.-க்குக் கொண்டுவந்ததும் ஓர் ஆட்டத்துக்கு ஒரு நொடி என்று நிதானப்பட்டது. இன்னும் மேலே ஏற்றினால் தலை முன்னால் கவிழ்ந்து அப்படியே நின்றுவிடுகிறது. இந்த ஒரு நொடிக் கணக்கு கடைசிப் படத்துக்கு எவ்வளவு உதவப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்தது பஸ் நிறுத்தம். தாத்தாவின் உயரம் 14 செ.மீ. சம்மணம் போட்டு உட்கார்ந்த மனிதர் 85 செ.மீ. உயரம் இருப்பார் என்று வைத்தால், பொம்மை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. எல்லா அளவையும் ஆறால் வகுத்துக்கொண்டே போனேன். சிமெண்ட் பெஞ்சு 7 செ.மீ. உயரத் தெர்மகோல், மேலே சாம்பல் நிறப் பெயிண்ட். பின்சுவர் ஒரு பழைய காலண்டர் அட்டை. சாலைக்கு, பெயிண்டர்கள் தேய்ப்பதற்கு வைத்திருக்கும் கறுப்பு வாட்டர் பேப்பர். தார் சாலையின் சொரசொரப்பு அதில் அப்படியே இருக்கிறது, தண்ணீர் பட்டாலும் கிழியாது. நனைத்துவிட்டால் விளக்கு வெளிச்சம் அதில் நீளநீளமாக விழும்.

முதல் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் மாலையில் எடுத்தேன். செல்போனை மேனுவல் முறைக்கு மாற்றி, நிறச் சமநிலையை 3200 கெல்வினில் நிறுத்தினால் பகல் வெளிச்சம் நீலமாகி, அந்தி நேரம் போல ஆகிவிடும். தானியங்கியில் விட்டால் போன் எல்லா நிறத்தையும் சரிப்படுத்தி வெள்ளையாக்கிவிடும். தெருவிளக்குக்கு ஒரு சின்ன டார்ச்சின் மேல் ஆரஞ்சு கண்ணாடித்தாள் சுற்றினேன். பொம்மையின் வார்னிஷ் பளபளப்பு நெற்றியில் வெள்ளைப் புள்ளியாக அடித்தது. ஜன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டியதும் அது அடங்கிவிட்டது.

எடுத்ததை அம்மாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "ஏண்டா, நடுவுல உக்காந்திருக்காரு? யாரோ வரப்போறாங்கன்னா நகர்ந்து இடம் விட்டுத்தானே உக்காருவாங்க?" என்றார்.

பெஞ்சு நடுவில், படச் சட்டத்துக்கும் நடுவில், அழகாகச் சமச்சீராக வைத்திருந்தேன். அம்மா சொன்னபடி தாத்தாவை இடது ஓரத்துக்கு நகர்த்தினேன். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வெறும் பெஞ்சு தெரிந்தது. கதை அங்கேதான் ஆரம்பித்தது. ஆறு படங்களிலும் அந்த இடம் அதே இடத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக, முக்காலியின் மூன்று கால்களைச் சுற்றியும் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டேன்.

பொம்மைகளோடு வேலை செய்வதில் பெரிய சிக்கல் இதுதான்: முகம் மாறாது. தாத்தா முகத்தில் எப்போதும் ஒரே மீசை, அகலத் திறந்த அதே கண். ஆனால் தலை சாயும். கழுத்தின் பின்பக்கம் பஞ்சைத் திணித்தால் தலை குனிகிறது. அப்போது மேலிருந்து வெளிச்சம் கொடுத்தால் புருவத்தின் நிழல் கண்ணில் விழுந்து முகம் வாடிப்போகிறது. பஞ்சை எடுத்துவிட்டு வெளிச்சத்தை மார்பு உயரத்துக்கு இறக்கினால் கண்ணில் ஒரு புள்ளி மின்னுகிறது, அதே ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தது போல ஆகிறார். மிச்சத்தை முன்னும் பின்னும் வரும் படங்கள் பார்த்துக்கொள்ளும். ரஷ்ய இயக்குநர் லெவ் குலஷோவ் 1920-களை ஒட்டி ஒரு நடிகரின் ஒரே முகத்தைக் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்திலும் சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்களுக்கு ஒன்றில் பசியும் ஒன்றில் துக்கமும் தெரிந்தன என்பார்கள். வண்ணம் தீட்டிய காகித முகத்துக்கும் அது செல்லும் என்பதை நான் இந்த ஆறு படங்களில்தான் கண்டேன்.

இரண்டாவது படம் மழை. இதில்தான் தப்பு செய்தேன்.

மழைத்துளி முன்பக்க வெளிச்சத்தில் தெரியாது, பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும். சாலையின் கோடியில் டார்ச்சை மறைத்து வைத்து, இஸ்திரிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலால் மேலிருந்து அடித்தேன். ஷட்டர் 1/60 நொடி மட்டும் திறந்திருக்கும்படி வைத்ததில் துளிகள் குட்டிக் கோடுகளாக விழுந்தன. அவ்வளவு அழகு. திரையைப் பார்த்துக்கொண்டே இன்னும் இரண்டு முறை அடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் தாத்தாவின் மீசை கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

வார்னிஷ் எல்லா இடத்திலும் இல்லை. வருடாவருடம் துடைத்துத் துடைத்து மூக்குக்குக் கீழே தேய்ந்துபோயிருக்கிறது. உள்ளே இருப்பது காகிதமும் மாவும். துடைத்தால் இன்னும் போகும் என்று பயந்து கையை எடுத்துவிட்டேன். மின்விசிறியைக்கூடப் போடாமல் நிழலில் இரண்டு நாள் காயவைத்தேன். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த பொம்மை அது. சொல்வதற்கே நாக்கு எழவில்லை. சொன்னதும் அவர் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீசைதானே, வரைஞ்சுக்கலாம். மூக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். மூன்றாம் நம்பர் பிரஷ்ஷில் கறுப்பு போஸ்டர் கலர் எடுத்து அவரே வரைந்தார். பழைய மீசையைவிட நுனி கொஞ்சம் தூக்கலாக வந்துவிட்டது. வார்னிஷ் நான் அடித்தேன்.

காகிதக்கூழ், மண், மரம் எதுவானாலும் பழைய பொம்மைக்கு அருகில் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டாம். நான் பிறகு செய்த வழி இது. முக்காலியை அசைக்காமல் இரண்டு படங்கள் எடுக்க வேண்டும். ஒன்றில் தாத்தா, மழை இல்லை. இன்னொன்றில் தாத்தாவைப் பத்திரமாக வேறு அறைக்கு அனுப்பிவிட்டு மழை மட்டும். எடிட்டிங் செயலியில் ஒன்றின்மேல் ஒன்றை வைத்து 'லைட்டன்' என்ற கலப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டில் எது வெளிச்சமோ அது நிற்கும். மழைக்கோடு வெளிச்சம், ராத்திரி இருட்டு. அதனால் மழை மட்டும் வந்து தாத்தா மேல் பெய்கிறது. அவர் ஒரு சொட்டும் நனையவில்லை.

இனி பஸ். நான் அதிக நேரம் செலவழித்ததும், செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான்.

திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பஸ் 18 செ.மீ. நீளம். நிஜ டவுன் பஸ் 11 மீட்டர் என்று வைத்தால் அறுபதில் ஒரு பங்கு. தாத்தாவோ ஆறில் ஒரு பங்கு. பக்கத்தில் வைத்தால் பஸ் அவர் மடியில் வைத்து விளையாடும் சாமானாகத்தான் தெரியும். ஆனால் கேமராவுக்கு ஒற்றைக் கண். சின்னதாக இருப்பதும் தூரத்தில் இருப்பதும் அதற்கு ஒன்றுதான். தாத்தா லென்ஸிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கிறார், அவர் உலகத்தில் அது 2.4 மீட்டர். பஸ்ஸை 90 செ.மீ. தள்ளி வைத்தேன். பஸ்ஸின் உலகத்தில் அது 54 மீட்டர். அதாவது, தாத்தாவுக்குப் பின்னால் அரை மீட்டரில் நிற்கும் பஸ், படத்தில் தெருமுனையில் திரும்பி வரும் பஸ்.

வைத்துப் பார்த்தேன், ஏமாற்றம். மாடியிலிருந்து பொம்மை பஸ்ஸை எட்டிப் பார்ப்பது மாதிரி கூரை முழுக்கத் தெரிந்தது. யோசித்ததில் பிடிபட்டது. லென்ஸ் தாத்தாவின் கண் மட்டத்தில், தரையிலிருந்து 19 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அது தாத்தாவுக்கு 114 செ.மீ., உட்கார்ந்திருக்கும் ஆளின் கண் உயரம், சரி. பஸ்ஸுக்கோ 19-ஐ அறுபதால் பெருக்கினால் 11 மீட்டருக்கு மேல், மூன்று மாடி உயரம்! 114 செ.மீ.-ஐ அறுபதால் வகுத்தால் 1.9. ஆக, பஸ்ஸின் சக்கரம் லென்ஸுக்கு 1.9 செ.மீ.தான் கீழே இருக்க வேண்டும். பஸ்ஸை 17 செ.மீ. தூக்கியாக வேண்டும்.

பழைய பாடப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு பஸ்ஸை ஏற்றினேன். தாத்தா காலடியிலிருந்து பலகை வரைக்கும் அட்டையைச் சரிவாக வைத்து, அதன்மேல் வாட்டர் பேப்பரை ஒட்டினேன். பக்கவாட்டில் நின்று பார்த்தால் அது மலைப்பாதை. லென்ஸ் வழியாகப் பார்த்தால் தட்டையான, நீளமான, மழையில் நனைந்த சாலை. முதல் தடவை அந்தத் திரையைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பஸ்ஸின் முகப்பில் காம்பஸ் முனையைச் சுடவைத்து இரண்டு ஓட்டை. இரண்டு 3 மி.மீ. வெள்ளை எல்.இ.டி.-கள், ஒரு சி.ஆர். 2032 பொத்தான் பேட்டரி. பேட்டரியின் 3 வோல்ட் அதற்கே சரியாக இருக்கும். உள்ளே சீரியல் லைட்டின் ஒற்றை பல்பு, ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சத்துக்காக. பலகையில் 'தஞ்சாவூர் – திருவையாறு' என்று எழுதினேன். படத்தில் அது படிக்கவே முடியாது, ஆனாலும் எழுதாமல் விட முடியவில்லை. அப்புறம் சாம்பிராணி. மின்விசிறியை நிறுத்தி, பஸ்ஸுக்கு முன்னால் கொஞ்சம் புகையைத் தேங்கவிட்டேன். விளக்கு ஒளி புகையில் பட்டையாகத் தெரிந்தது. சரிவும் பலகையும் சேரும் இடம் மறைந்தது. தூரத்துப் பொருள் எப்போதும் கொஞ்சம் வெளுத்துத்தான் தெரியும் என்பதால், புகை அந்த அரை மீட்டரை நிஜமாகவே தெருவாக்கிவிட்டது. பஸ் கொஞ்சம் மங்கலாக, ஃபோகஸ் இல்லாமல்தான் வந்தது. அப்படியே விட்டேன். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டேவிட் லெவின்தால் 1970-களிலிருந்து பொம்மைச் சிப்பாய்களை இப்படி மங்கலாக விட்டே எடுத்திருக்கிறார். பிளாஸ்டிக் என்று காட்டிக்கொடுக்கும் விளிம்பும் தையலும் அந்த மங்கலில் கரைந்துவிடுகின்றன, மிச்சத்தைப் பார்ப்பவர் மனசு நிரப்பிக்கொள்கிறது.

நான்காவது படத்துக்கு அதிக வேலை இல்லை. பஸ்ஸைத் திருப்பி வைத்து, எல்.இ.டி.-களைப் பின்பக்கத்துக்கு மாற்றி, மேலே சிவப்புக் கண்ணாடித்தாள். தாத்தா தலை குனிந்திருக்கிறார். ஈரச் சாலையில் இரண்டு சிவப்புக் கோடுகள். பக்கத்து இடம் காலி.

ஐந்தாவதில் பாட்டி வர வேண்டும். பாட்டி உட்கார்ந்த நிலையில் செய்த பொம்மை, அவரை நடக்கவைக்க முடியாது. நிற்பது போலக் காட்ட என்னென்னவோ செய்து பார்த்தேன், எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் பாட்டியைச் சட்டத்துக்கு வெளியே வைத்தேன். புத்தக அடுக்கின் மேல் உட்காரவைத்து, தலைக்கு மேல் குடை பிடித்து, எதிர்ப்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, பின்சுவரில் நிழல் மட்டும் விழும்படி. குடையைப் பழைய குடைத்துணியிலும் துடைப்பத்து ஈர்க்குச்சியிலும் செய்தேன். நிஜக் குடை ஒரு மீட்டர் அகலம் என்றால் இது 17 செ.மீ. டார்ச்சின் முன்னால் பட்டர் பேப்பர் இல்லாமல், தள்ளி வைத்து அடித்தால் நிழல் வெட்டினாற்போல் விழும். பாட்டியின் கொண்டை அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது! குடை நிழலின் விளிம்பு தாத்தாவின் தோளைத் தொடுகிற இடத்தில் நிறுத்தினேன். தாத்தாவின் கழுத்திலிருந்து பஞ்சை எடுத்தேன். சுவரிலிருந்து பெஞ்சு வரை பாட்டி நடந்து வருவதை ஐந்தாம் படத்துக்கும் ஆறாம் படத்துக்கும் நடுவில் விட்டுவிட்டேன்.

ஆறாவதில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். இதுவரைக்கும் ஆடும் தலைதான் எனக்குத் தொல்லை. கால் நொடி ஷட்டரில், அறையில் யாராவது நடந்தாலே தலை கலங்கிவிடும். டைமரை 10 நொடிக்கு வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கடைசிப் படத்தில் தாத்தாவின் கழுத்தில் மட்டும் பஞ்சை வைத்து அசையாமல் செய்துவிட்டு, பாட்டியை ஆடவிட்டேன். தாத்தா ஏதோ கேட்டிருக்கிறார், பாட்டி 'ம்' என்று தலையாட்டுகிறார். அதுதான் படம்.

1/8 நொடியில் எடுத்தால் கை ஆடிவிட்ட படம் மாதிரி இருந்தது. அரை நொடியில் பாட்டிக்கு இரண்டு முகம். ஓர் ஆட்டத்துக்கு ஒரு நொடி என்றால் அரை நொடியில் தலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். இரண்டு கோடியிலும் ஒரு கணம் நின்று திரும்புவதால் அங்கேயெல்லாம் முகம் பதிந்துவிடுகிறது. கால் நொடி வைத்தேன். தலை நிமிர்ந்து நிற்கும் கணத்தில் தொடங்கி, பாதி வழியில் முடிந்தால் ஒரு முகம் தெளிவாக விழும், அதிலிருந்து கீழே ஒரு மெல்லிய இழுப்பு. அந்தக் கணத்தைப் பிடிப்பதுதான் கஷ்டம். அம்மா பாட்டியின் தலையை விரலால் தட்டிவிட்டு "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவார். நான் இயர்போனின் ஒலிப் பொத்தானை அழுத்துவேன், போனைத் தொட வேண்டியதில்லை. 43-ஆவது தடவையில் கிடைத்தது.

ஆறையும் வரிசையாகப் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். தாத்தாவின் முகம் ஆறு படத்திலும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். அம்மா கடைசிப் படத்தை விரலால் பெரிதாக்கி, "சிரிக்கிறாரு பாரு" என்றார். மீசை நுனியை அவர் தூக்கி வரைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எதை பிரிண்ட் போடலாம் என்று கேட்டேன். ஆறாவதைச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு நான்காவதைக் காட்டினார்.

"இதுல பாட்டியே இல்லையேம்மா."

"ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கிறதைத்தான் படியிலயே பாக்கலாமே. இதை எங்க பாக்கிறது?"

8-க்கு 6 அங்குலத்தில் மேட் தாளில் போட்டு வாங்கி வந்தேன். மூன்றாம் படியில் இரண்டு பேருக்கும் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறார்.